கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம்

முதலில் அந்தக் கரகரப்புதான் வந்தது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். இந்தக் காலத்திலும் மத்திய அலையில் பாட்டுக் கேட்கிற ஓட்டுநர். காலடியில் பழைய ரேடியோ ஒன்றைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். தெற்கே எங்கேயோ மழை இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டின் நடுவே யாரோ காய்ந்த ஓலையைக் கசக்குவதுபோல கர்ர் என்றது. சற்று நேரம் கழித்துத் தொலைவில் இடி. மின்னலை நான் பார்க்கவில்லை. கண் ஆஸ்பத்திரியில் விட்ட சொட்டு மருந்து இன்னும் இறங்கவில்லை. சாலை, புளியமரங்கள், எதிரே வரும் லாரியின் முகம் எல்லாம் பாலில் ஊறிக் கிடந்தன.

இது எந்த இடம் என்று கேட்டேன். சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டேன்.

"இன்னாக்கா, இப்பத்தான கேட்ட" என்றார் அவர், கோபமில்லாமல்.

மறுபடியும் கர்ர். அந்த ஒரு நொடியில் எனக்குப் பதினொரு வயது. தலைக்குப் பொருந்தாத பெரிய ஒலிக்கவசம் ஒன்று கழுத்துவரை நழுவியிருக்கிறது. பக்கத்தில் மாமா. கீழே என் மாவட்டம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, யுத்த காலத்தில் யாரோ போட்டுவிட்டு மறந்துபோன ஓடுதளத்தில் ஒரு பறக்கும் சங்கம் இருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டும் ஒரு துணிப்பை, ஒரு செயலாளர், ஒரு விமானம். விமானத்தில் இரண்டு பேர் உட்காரலாம். அதற்கு அம்மாவைவிட வயது அதிகம். மூக்கில் பெயிண்ட் உரிந்த இடத்தில் பழைய நிறம் தெரியும், அதுவும் உரிந்த இடத்தில் அதற்கும் பழைய நிறம். ஆடுகளை ஓட்டிவிட்ட பிறகுதான் அது கிளம்பும். மாமா அதில் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். பட்டணத்துப் பையன்கள் வந்தார்கள், கற்றார்கள், பெரிய விமானங்களுக்குப் போனார்கள். மாமா போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவருக்கு ஒரு நிமிடம் முன்னால் பெட்ரோல் வாசனை வந்துவிடும்.

எங்கள் மாவட்டத்தில் ஏரியைப் பார்த்துத்தான் பறப்பார்கள். மேலேயிருந்து பார்த்தால் இது ஊர்களின் நாடு அல்ல, ஏரிகளின் நாடு. நீண்ட கரையோடு படுத்திருப்பது மதுராந்தகம். தண்ணீருக்குள் மரங்கள் நின்று, மரங்களின் மேல் வெள்ளையாய் ஏதோ கொட்டிக் கிடந்தால் வேடந்தாங்கல். ரயில் பாதையை உரசிக்கொண்டு கிடப்பது கொளவாய். நடுவே பாலாறு, தண்ணீரைவிட மணல் அதிகம். என் ரஃப் நோட்டில் மாமா ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் ஓர் ஊர்கூடக் கிடையாது. ஏரிகள் மட்டும், நீலப் பென்சிலில், ஒவ்வொன்றும் அதனதன் வடிவில். ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு வட்டம். அது கல்பாக்கம். அணுமின் நிலையம் இருக்கிற இடம், அதன் மேல் எந்த விமானமும் போகக் கூடாது. அப்பா வேலை பார்த்தது அங்கேதான். கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. காலையில் ஸ்டாஃப் பஸ் வந்து அவரை அள்ளிக்கொண்டு போகும்.

அந்த வருஷம் சித்திரையில் மாமா ஒரு மணி நேரம் தாமதமாகத் தரையிறங்கினார். உத்திரமேரூர் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வந்ததாகக் கேள்வி. வெயிலில் ஏரிகள் எல்லாம் வற்றி ஒரே மண்ணாகக் கிடக்கிறது, எதைப் பார்த்து வருவது என்றார். எல்லோரும் தலையாட்டினோம். உண்மையிலேயே வற்றித்தான் கிடந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. அது ஓய்ந்த ஒரு காலையில் மாமா ஒரு மாணவனோடு பறந்தவர், சிவப்பு வட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டார். செயலாளருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இந்த முறை மாமா, மழையில் ஏரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வடிவமே மாறிவிட்டது என்றார். அதற்கும் தலையாட்டினோம். வற்றினாலும் ஏரியின் குற்றம், நிறைந்தாலும் ஏரியின் குற்றம். ஏரிகள் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. நான் மட்டும், போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனார்கள், மரமெல்லாம் நன்றாகத் தெரிந்ததே என்றேன். மாமா சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்த அப்பளத்தை என் தட்டில் வைத்தார். அப்பளம் கிடைத்ததும் நான் வேடந்தாங்கலை மறந்துவிட்டேன்.

சங்கத்தின் தீர்மானம் ஒரு பக்கத்தில் அடங்கியது. பொங்கலுக்குள் விமானத்தில் நம்பகமான வழிகாட்டும் கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும். இல்லையென்றால் பெருஞ்சாலையோரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று விமானத்தைக் கேட்டிருக்கிறது, கொடுத்துவிடலாம். முன்புறப் புல்வெளியில் நிறுத்தி வைப்பார்களாம். பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிறு மாமா சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வேறு வேலை, வேறு வீடு, வேறு மனிதர்கள் என்று எதுவும் இல்லாதவர். பொங்கலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அப்பாவுக்கு ஒரு சிக்கல் கிடைத்தால் போதும், கோடு போட்டு அட்டவணை ஆக்கிவிடுவார். மூன்று வழிகளை எழுதினார். முதலாவது, விமானத்தில் ஏற்கெனவே இருந்த ரேடியோ திசைகாட்டி. எந்த வானொலி நிலையத்தைத் திருப்பி வைக்கிறோமோ அந்தப் பக்கம் ஒரு பெரிய முள் திரும்பும். காதில் பாட்டும் கேட்கும். பாட்டு வருகிற திசையில் போனால் பட்டணம். ஆனால் மழைக்காலத்தில் அது நிலையத்தை விட்டுவிட்டு மின்னலைக் காட்டும். அதன் ஏரியலை மாற்றிச் சரிசெய்வதுதான் இருப்பதிலேயே மலிவு. இரண்டாவது, செயற்கைக்கோளைக் கேட்டு வழி சொல்கிற புதுக் கருவி. முகப்புப் பலகையிலேயே பதிக்கலாம், பெரிய திரை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதன் விலைக்கு இன்னொரு பழைய விமானமே வாங்கலாம் என்று அப்பா எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார். மூன்றாவது, அதே செயற்கைக்கோளைக் கேட்கிற சின்னக் கருவி, உள்ளங்கை அளவு. கடலுக்குப் போகிறவர்கள் அப்போதுதான் ஒருவர் இருவராக வாங்க ஆரம்பித்திருந்தார்கள். சங்கத்தால் முடிகிற விலை.

அப்பா மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டார். மாமா முதலாவதே போதும் என்றார். இரண்டு மூன்று ஞாயிறுகள் இந்தப் பேச்சிலேயே கரைந்தன.

"மச்சான், உன் முள்ளு இடி இடிச்சா இடிகிட்டப் போய் நிக்குது. அதை நம்பி எப்டி ஓட்டுவ?"

"முள்ளு பெருசா கீது மாமா. இதுல எழுத்து பொடிசா கீது" என்றார் மாமா. அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

இது ஒரு காரணமா என்று அப்பா கையை விரித்தார். பெட்டிக்கடையில் சோப்பு வாங்குவதுபோல எழுத்தின் அளவைப் பார்த்து யாராவது கருவி வாங்குவார்களா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தம்பியைப் பார்த்தாள்.

கடைசியில், நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று கோவளத்துக்குப் போனோம். பள்ளிவாசல் தெருவில் ஒரு பாய் படகுச் சாமான் கடை வைத்திருந்தார். கயிறு, வலை, மிதவை, இன்ஜின் பாகங்கள். தார் வாசனையும் உப்பு வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. பாய் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து குஞ்சை எடுப்பதுபோல அந்தக் கருவியை எடுத்தார். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"போட்டுக்குக் குடுத்துகீறேன், லாஞ்சுக்குக் குடுத்துகீறேன். ஆகாசத்துக்கு இப்பத்தான் குடுக்கறேன். ஒரு நா வச்சுப் பாருங்க. மேலேர்ந்து மட்டும் போட்டுடாதீங்க, எனக்குப் பேஜாரு ஆயிடும்."

மாமா கருவியைக் கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். பிறகு தூரத் தள்ளினார். பிறகு கடை வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்றார். கடையில் கயிறு அளந்து வாங்கிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், வயதானவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாத வாங்கு அண்ணாத்த. என்னாண்டயும் இதான் கீது. கண்ண மூடிகினு வரலாம். வூட்டு வாசல்ல இட்டாந்து வுட்டுடும்."

"கண்ண மூடிகினா?" என்றார் மாமா. கேட்ட வேகத்தில் எனக்கே அது விசித்திரமாக இருந்தது.

"பேச்சுக்குச் சொல்றேன். எனக்கு அந்த எண்ணு எங்க தெரியுது? பங்காளி படிச்சுச் சொல்லிகினே வருவான். நான் சுக்கானப் புடிச்சிப்பேன்."

மாமா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, கருவியை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "பாப்பா, இதப் படி" என்றார். படித்தேன். நாங்கள் நிற்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று எண்கள்வரை ஒரே மூச்சில் படித்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா, சரி, ஒரு நாள் பறந்து பார்க்கலாம் என்றார். பாப்பாவும் வரட்டும் என்றார்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு மாமா எங்கள் வீட்டில் தங்கினால், காலையில் பல் துலக்கும்போது எதையோ முணுமுணுப்பார். நான் மந்திரம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ஆங்கில எழுத்துகள். ஈ. எஃப், பீ. டீ, ஓ, இஸட். எல், பீ, ஈ, டி. பீ, ஈ, ஸீ, எஃப், டி. இப்படி இறங்கிக்கொண்டே போகும், போகப் போக வரி நீளும். எந்தச் சொல்லும் இல்லை, எந்த ஒழுங்கும் இல்லை. விமானத்தின் சங்கேத மொழி என்று முடிவு செய்துகொண்டேன். நாலைந்து வாரத்தில் எனக்கும் கடைசி வரிவரை மனப்பாடம். கயிறு தாண்டும்போது அதைச் சொல்லிக்கொண்டே தாண்டினேன். மாமா காதில் விழுந்தது. என்னைத் தனியாக அழைத்து, இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, ரகசியம் என்றார். வருஷத்துக்கு ஒருமுறை பட்டணத்தில் டாக்டர்கள் அவரைச் சோதித்து அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றப் போகிறது? ஒரு விமானியின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமையில் நான் கயிறு தாண்டுவதையே நிறுத்திவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை. அம்மாவுக்குச் சம்மதமில்லை. உன் விமானத்தைக் காப்பாற்ற என் பொண்ணு எதுக்குடா என்றாள்.

"அவளுக்குக் கண்ணு கூர்மைக்கா" என்றார் மாமா.

அம்மா என் தலையை இன்னொரு முறை பின்னிவிட்டாள், ஏற்கெனவே பின்னியிருந்ததை அவிழ்த்து. அப்பா முந்தின நாள் மாலையே கருவிக்குள் நான்கு இடங்களை ஏற்றியிருந்தார்: ஓடுதளம், கொளவாய் ஏரி, திருக்கழுக்குன்றத்து மலை, மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். கல்பாக்கத்தைச் சுற்றி ஒரு வட்டத்தையும் ஏற்றி, அதன் விளிம்பை நெருங்கினால் கருவி கூவும்படி செய்திருந்தார். அதை என் பள்ளிக்கூட ரிப்பனில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

கிளம்பினோம். தரை விட்டுப்போன இடத்தில் வயிறு சற்று நேரம் தனியாக நின்று, பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

மேலே போனதும் எனக்கு முதலில் தோன்றியது, மாமா போட்ட வரைபடம் அப்படியே கீழே கிடக்கிறதே என்பதுதான். ஒன்றுகூட மாறவில்லை. மழையில் நிறைந்திருந்தாலும் ஒவ்வொரு ஏரியும் அதனதன் கரைக்குள், அதனதன் வடிவில், நீலப் பென்சிலின் அதே வளைவில். காலைப் பனி வயல்களின் மேல் மட்டும் கிடந்தது. மற்றபடி கண்ணாடி கழுவி வைத்ததுபோல் தெளிவு. காதில் பட்டணத்து வானொலி. நடுநடுவே கர்ர். பலகையில் இருந்த பெரிய முள் தயங்கித் தயங்கிக் கடல் பக்கம் திரும்பியது.

"கடல்ல மின்னுது" என்றார் மாமா, அந்தப் பக்கம் பார்க்காமலே. பார்த்தேன், உண்மைதான். வெகு தூரத்தில் ஒரு மேகத்தின் அடிவயிறு வெளுத்து அணைந்தது. காதாலேயே மின்னலைப் பார்க்கிறவர் என் மாமா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் கேட்டுக்கொண்டே வந்தார். எண் என்ன? சொன்னேன். கீழே என்ன ஏரி? வேடந்தாங்கல் என்றேன். மரம் தெரிகிறதா? தெரிகிறது, பறவையும் தெரிகிறது. ரயில் பாதை வந்துவிட்டதா? வந்துவிட்டது. கொளவாய் எந்தக் கைப்பக்கம்? இடது. எங்கள் ஊர்த் திருக்கழுக்குன்றத்து மலை வந்ததும் எங்கள் தெருவைத் தேடினேன். கோயில் குளம் பச்சைக் கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது. மலையைத் தாண்டினோமா என்று கேட்டார். மலை எங்கள் இறக்கைக்குக் கீழேயே இருந்தது. அதன் படிகளைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

எனக்கு அது பரீட்சையாகத்தான் பட்டது. பத்துக் கேள்விக்கும் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு வருகிற திமிர் எனக்கும் வந்தது. எல்லாம் தெரிந்த மனிதர், தெரியாததுபோல் கேட்டுக்கொண்டு வருகிறார். நானும் ஒருமுறை கேள்வி கேட்டால் என்ன?

கடல் தெரிந்தது. சவுக்குத் தோப்பு, கால்வாய், மணல், பிறகு முடிவில்லாத நீலம். பாறையின் மேல் கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் எங்களுக்கு முன்னால், கொஞ்சம் இடது கைப்பக்கம், துல்லியமாக நின்றிருந்தது.

"கலங்கரை விளக்கம் எந்தப் பக்கம் பாப்பா?"

"வலது பக்கம்" என்றேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விமானம் வலது பக்கம் சாய்ந்தது.

அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். இதோ திரும்பி, ஏய் குட்டி என்று காதைத் திருகுவார். இதோ. இன்னும் கொஞ்ச நேரத்தில். அவர் முகத்தைப் பார்த்தேன். அது முன்னால் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது, நிம்மதியாக. கலங்கரை விளக்கம் என் இடது தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. முன்னால் கடலோரம் கும்மட்டங்களும் உயரமான புகைபோக்கியும். அன்றைக்கு லீவு போடாமல் இருந்திருந்தால், அந்த நேரத்தில் அப்பா உட்கார்ந்து வேலை பார்த்திருக்க வேண்டிய இடம்.

என் நெஞ்சின் மேல் கருவி கூவியது.

"இன்னா சத்தம் அது?" மாமாவின் குரல் மாறியிருந்தது.

"மாமா, நான் சும்மா சொன்னேன். இடது பக்கம்தான். அங்க பாரு, பின்னால போயிடுச்சு."

அவர் என் விரல் காட்டிய பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு கலங்கரை விளக்கம், அதைப் பார்க்க அத்தனை நேரம் தேவையில்லை. பிறகு விமானத்தை இடது பக்கம் சாய்த்தார். இறக்கையின் நுனி கடலைச் சுட்டியது. கூவல் நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எந்த ஏரியையும் கேட்கவில்லை. "எண்ண மட்டும் படி" என்றார். ஓடுதளம் வரும்வரை படித்துக்கொண்டே வந்தேன், புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணைக்கூட விடாமல். இடையிடையே கர்ர், கர்ர் என்று அந்த மின்னல் எங்களோடு கூடவே வந்தது. தரையைத் தொட்டபோது விமானம் இரண்டு முறை துள்ளியது. மாமா இறக்கி அப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை.

கொட்டகை வாசலில் அப்பா ஓடி வந்தார். வேலை செய்ததா என்றார். கூவியது என்றேன். சரியாக எந்த எண்ணில் கூவியது என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் தாளைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. வட்டத்தின் விளிம்பில், அவர் கணக்கிட்ட அதே இடத்தில் கூவியிருக்கிறது. அந்த விளிம்புவரை நாங்கள் எதற்குப் போனோம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அளக்கிறவர்களுக்கு அளவு சரியாக இருந்தால் போதும்.

மாமா என் கழுத்திலிருந்து ரிப்பனைக் கழற்றினார். கருவியைப் பஞ்சில் பொதிந்து, பிஸ்கட் டின்னில் வைத்து, அப்பாவிடம் நீட்டினார்.

"பாய்கிட்ட குடுத்துடு மாமா. நல்ல சாமான். எனக்கு ஒத்து வராது."

அப்பாவுக்குப் புரியவில்லை. விலை கட்டுப்படியாகிறது, வேலை செய்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி, உன் முள்ளையே சரிசெய்துகொள் என்றார். அதுவும் வேண்டாம் என்றார் மாமா. செலவு கட்டுப்படியாகவில்லை என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தெரிந்தபோது அப்பா அவரோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா தம்பிக்குச் சோறு போடும்போது தட்டில் எது எங்கே இருக்கிறது என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போட்டாள். அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை.

பொங்கல் கழிந்த மறுவாரம் பெருஞ்சாலையில் ஒரு லாரி போனது. இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் படுக்க வைத்துக் கயிறு போட்டிருந்தார்கள். என் பொய்க்குத் தண்டனையாகத்தான் மாமா விமானத்தைக் கொடுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாமா வரும்போதெல்லாம் மொட்டை மாடிக்குப் போய் ஒளிந்துகொண்டேன். அவர் கீழே நின்று, பாப்பா எங்க என்று கேட்பார். அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துவாள். நான் இறங்க மாட்டேன்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடினார்கள். எதிர்ச் சுவரில் வெள்ளைப் பலகை. முதல் எழுத்து பெரிதாக, கறுப்பாக: ஈ. அடுத்த வரி எஃப், பீ. அதற்கடுத்தது எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் உதடுகள் நிற்கவில்லை. டீ, ஓ, இஸட். எல், பீ, ஈ, டி. படி இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே போயின, கறுப்புப் புள்ளிகளாகக்கூடத் தெரியாத கடைசி வரிவரை. குச்சி வைத்திருந்த பெண் அசந்துபோய், கடைசி வரியே படிச்சிட்டீங்களே மேடம் என்றாள்.

நான் படிக்கவில்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எழுத்து வேறு எழுத்தாக இருந்த இன்னொரு பலகையை மாட்டினாள். அதில் நான் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். பிறகு டாக்டர் வந்து, குடும்பத்தில், அம்மா வழியில், யாருக்காவது பார்வை சீக்கிரம் போனதுண்டா என்று கேட்டார். எத்தனையோ படிவங்களில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஆமாம் என்றேன்.

அப்போது மாமாவுக்கு இன்றைய என் வயதுகூட இல்லை. தனக்குத் தெரியாததை எல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த பதினொரு வயதுக் கண்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் எவ்வளவு நிம்மதியாக முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். வலது என்றதும் எவ்வளவு சுலபமாகத் திரும்பினார். என் பொய்யை அவர் மன்னிக்க வேண்டியதே இருக்கவில்லை. அடுத்த வாரம் அந்த இருக்கையில் ஒரு மாணவன் உட்காருவான், அவனிடம் கேட்கக்கூட முடியாது என்பதை அன்றைக்கு அந்தக் கூவல் அவருக்குச் சொல்லிவிட்டது. எனக்கு அது சொன்னதெல்லாம் நான் கெட்ட பெண் என்பது மட்டும்தான்.

தை மாதக் கடைசியில் மாமா ஆந்திரா பக்கம் போனார். நண்பர் ஒருவர் நடத்திய பள்ளியில் வாயாலேயே பாடம் சொல்கிற வேலை என்றார். அங்கிருந்து கடிதங்கள் வந்தன, ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்தில். மாமா பெரிய ஆளாகிவிட்டார், எழுதுவதற்கு ஆள் வைத்திருக்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். சில வருஷங்களில் கடிதம் நின்றது. அம்மா மட்டும் போய்விட்டு வந்தாள். அவர் கிளம்பிய நாளுக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வழியனுப்பச் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நடைமேடைக்கு அந்தப் பக்கம் கொளவாய் ஏரி முழுசாய்க் கிடந்தது, மாலை வெயில் அதில் உடைந்துகொண்டிருந்தது. மாமா அதற்கு முகம் காட்டி நின்றார். பாப்பா, ஏரில தண்ணி நிறைய கீதா என்று கேட்டார். நிறைய இருக்கு என்றேன். அதுதான் அந்த இரண்டு மாதத்தில் நான் அவரோடு பேசிய முதல் பேச்சு. வண்டி வந்து நின்றது. கூட்டம் இரண்டு பக்கமும் ஓடியது. அம்மா பையோடு பின்தங்கிவிட்டாள். மாமா பயணச்சீட்டை என் கையில் கொடுத்தார். ஒரு கையை என் தோளில் வைத்தார், கனமாக.

"நம்ம பெட்டி எந்தப் பக்கம் பாப்பா?"

"இடது பக்கம் மாமா. நெஜமா இடது பக்கம்."